மார்மன் வார்டில் பால்புதுமையருக்கு ஓசையின்றித் துணைநிற்பது எப்படி? ஒரு முழுமையான வழிகாட்டி

மார்மன் சபையில் எந்த வார்டுக்கு, அதாவது எந்த உள்ளூர்ச் சபைக்கு, போவது என்பதை உறுப்பினர் தேர்ந்தெடுப்பதில்லை. வீட்டு முகவரிதான் அதை முடிவு செய்கிறது. வரைபடத்தில் ஓர் எல்லை போட்டு, அதற்குள் வசிக்கும் உறுப்பினர்கள் அனைவரையும் ஒரே வார்டாக்கிவிடுகிறார்கள். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் உள்ள சால்ட் லேக் சிட்டியிலும் புரோவோவிலும் ஒரு வார்டு சில தெருக்களுக்குள் முடிந்துவிடும். ஒரே கட்டடத்தை இரண்டு மூன்று வார்டுகள் நேரம் பிரித்துப் பயன்படுத்தும். சம்பளம் வாங்கும் போதகர் கிடையாது. பக்கத்துத் தெருப் பல் மருத்துவர் ஏறத்தாழ ஐந்தாண்டு பிஷப்பாக, அதாவது வார்டின் தலைவராக, இருப்பார். பிறகு பழையபடி பின்வரிசையில் உட்கார்ந்து பேரக்குழந்தைக்குத் தீனி கொடுப்பார். மேடையில் பேசுபவர், பாடம் நடத்துபவர், ஜெபம் செய்பவர் எல்லோருமே அக்கம்பக்கத்தவர்கள்தான். ஆகவே ஒரு சாதாரண உறுப்பினர் வாய் திறந்து சொல்லும் ஒரு வாக்கியத்துக்கு மற்ற தேவாலயங்களில் இல்லாத எடை இங்கே உண்டு.

சில நூறு பேர் கொண்ட அந்த வார்டில், தான் பால்புதுமையர் (தன்பாலீர்ப்பாளர், திருநர் போன்றோர்) என்பதை யாரிடமும் சொல்லாத ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொண்டே தொடங்க வேண்டும். அவர் 14 வயதுப் பையனாக இருக்கலாம். மிஷன் எனப்படும் சபை ஊழியப் பயணம் முடித்துத் திரும்பிய இளம்பெண்ணாக இருக்கலாம். நாற்பதாண்டுத் திருமண வாழ்க்கைக்குப் பிறகும் தன்னைப் பற்றிய ஓர் உண்மையை விழுங்கிக்கொண்டிருக்கும் தாத்தாவாகவும் இருக்கலாம். அவர் யாரென்று உங்களுக்குத் தெரியாது. ஆனால் நீங்கள் பேசுவது ஒவ்வொன்றையும் அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார். கீழே வரும் படிகள் எல்லாம் அவரை மனதில் வைத்து எழுதியவை. வார்டிலேயே இருக்க விரும்புகிற, விசுவாசத்தையும் விடாத, நண்பரையும் கைவிடாத உறுப்பினருக்கான வழிகாட்டி இது. தலைமையகத்தை எதிர்த்துப் போராட நினைப்பவர்களுக்குத் தேவைப்படும் வழிகாட்டி வேறு.

பெயர் பற்றி ஒரு வரி: பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை என்பதே முழுப்பெயர். 'மார்மன்' என்று அழைக்க வேண்டாம் என்று 2018 முதல் தலைமையகம் கேட்டுக்கொள்கிறது. வாசகருக்குப் பழகிய பெயர் என்பதால் இங்கே அதையே வைத்துக்கொள்கிறேன்.

படி 1: சபையின் நிலைப்பாட்டை வதந்தியிலிருந்து அல்ல, கையேட்டிலிருந்து தெரிந்துகொள்ளுங்கள்

உதவ நினைப்பவர்களில் பாதிப் பேர் இங்கேயே தடுமாறுகிறார்கள். ஒரு சாரார் சபை உள்ளதைவிடக் கடுமையானது என்று நினைத்து வாயை மூடிக்கொள்கிறார்கள். மறு சாரார் உள்ளதைவிட மென்மையானது என்று நினைத்து, கொடுக்க முடியாத வாக்குறுதிகளைக் கொடுக்கிறார்கள்.

1995 செப்டம்பரில் வெளியான குடும்பம் பற்றிய பிரகடனம் திருமணம் என்பது ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையிலானது என்று சொல்கிறது. அந்தப் போதனை மாறவில்லை. தன்பால் ஈர்ப்பு இருப்பதே பாவமல்ல, அதன்படி நடப்பதே பாவம் என்பது சபையின் இன்றைய விளக்கம். ஒழுக்க விதியைக் கடைப்பிடிக்கும் தன்பாலீர்ப்பாளர் வார்டில் பொறுப்பு வகிக்கலாம், ஆலயத்துக்கும் (ஞாயிறு வழிபாட்டுக் கூடம் அல்ல, தனிச் சடங்குகளுக்கான இடம்) போகலாம். 2015 நவம்பரில் ஒரு கொள்கை வந்தது: ஒருபால் திருமணம் செய்துகொண்டவர்கள் மதத்துரோகிகள், அவர்களோடு வாழும் பிள்ளைகளுக்கு 18 வயது வரை ஞானஸ்நானம் இல்லை. எட்டு வயதில் ஞானஸ்நானம் பெறுவதைக் குடும்பமே கூடிக் கொண்டாடும் சமூகத்தில் இது எப்படி இறங்கியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பலர் அந்த மாதமே சபையை விட்டு வெளியேறினார்கள். 2019 ஏப்ரல் 4 அன்று கொள்கை திரும்பப் பெறப்பட்டது. துரோகம் என்ற சொல் போயிற்று, ஆனால் ஒருபால் திருமணம் கடுமையான மீறல் என்ற நிலை தொடர்கிறது. 2024 ஆகஸ்டில் சபையின் பொதுக் கையேட்டில் திருநர் பற்றிய பகுதி இறுக்கப்பட்டது. அதைப் பிறகு பார்ப்போம்.

அடுத்தது உங்களைப் பற்றிய கேள்வி: துணைநின்றால் என்ன ஆகும்? ஆலயத்துக்குள் நுழையத் தேவையான பரிந்துரைச் சீட்டுக்காக இரண்டாண்டுக்கு ஒருமுறை நடக்கும் நேர்காணலில், சபைக்கு முரணான போதனைகளையோ நடைமுறைகளையோ ஆதரிக்கிறீர்களா, பரப்புகிறீர்களா என்று ஒரு கேள்வி உண்டு. பலருடைய நாக்கைக் கட்டிப்போடுவது இதுதான். ஆனால் சபையின் தலைமைக் குழுக்களில் ஒன்றான பன்னிரண்டு அப்போஸ்தலர் குழுமத்தில் அப்போது இருந்த டி. டாட் கிறிஸ்டாஃபர்சன் 2015 மார்ச்சில் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில், ஒருபால் திருமணத்தை ஆதரித்துக் கருத்துச் சொல்வதாலேயே ஓர் உறுப்பினரின் நிலைக்கு ஆபத்து வராது என்றும், சபையைத் தாக்கும் அமைப்புரீதியான முயற்சியில் இறங்குவதே சிக்கல் என்றும் விளக்கினார். நண்பருக்கு அருகில் உட்காருவது, சாப்பிட அழைப்பது, கல்யாணத்துக்குப் போவது இவற்றில் எதற்கும் கையேட்டில் தடை இல்லை. பிஷப்புக்கு பிஷப் அணுகுமுறை மாறும் என்பதும் உண்மை. உங்கள் பிஷப் எப்படிப்பட்டவர் என்பதை முதலில் அளந்துகொள்ளுங்கள்.

படி 2: உட்காரும் இடம்

எளிதான வேலை இது. ஞாயிறு வழிபாட்டில் யார் தனியாக உட்கார்கிறார்கள் என்று பாருங்கள். மார்மன் வழிபாட்டுக் கூடத்தில் குடும்பங்களுக்கு வழக்கமான வரிசை உண்டு. யாரும் எழுதிவைக்கவில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும். திருமணமாகாத முப்பத்தைந்து வயதுக்காரருக்கு அப்படி ஒரு வரிசை இல்லை. அவருக்கு அருகில் போய் உட்காருங்கள், பாட்டுப் புத்தகத்தைப் பகிர்ந்துகொள்ளுங்கள். அவர் தன்பாலீர்ப்பாளரா என்று உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. இல்லை என்றாலும் நஷ்டம் ஒன்றுமில்லை, ஒரு தனிமை குறைந்திருக்கும்.

கட்டட நுழைவாயிலுக்குப் பக்கத்தில் சோபா போட்ட ஒரு முன்கூடம் இருக்கும். அழும் குழந்தையோடு வெளியே வந்த அப்பாக்களுக்கும், வகுப்புக்குள் போக மனமில்லாதவர்களுக்கும் அதுதான் புகலிடம். திருவிருந்து ஆராதனை முடிந்து, ஆண்கள் மூப்பர் குழுமத்துக்கும் பெண்கள் ஒத்தாசைச் சங்கத்துக்கும் பிரிந்து போகும் வேளையில் அந்த சோபாவில் யார் மிஞ்சுகிறார்கள் என்று கவனியுங்கள். வார்டின் உண்மையான வரவேற்பு எவ்வளவு என்பது பிரசங்கத்தைவிட அங்கேதான் தெரியும். 'வகுப்புக்கு வாருங்கள்' என்று இழுக்க வேண்டாம். நீங்களும் உட்காருங்கள்.

படி 3: வகுப்பில் பேசுவது

வழிகாட்டியிலேயே முக்கியமான படி இது, கடினமானதும் இதுதான். மார்மன் வகுப்புகள் உரையாடலாக நடப்பவை. ஆசிரியர் கேள்வி கேட்பார், கை தூக்கியவர்கள் பேசுவார்கள். யாரோ ஒருவர் 'இந்தக் காலத்து உலகம்' என்று தொடங்குவார், இரண்டாவது வாக்கியத்தில் 'அப்படிப்பட்டவர்கள்' வந்துவிடுவார்கள், மூன்றாவதில் தலைகள் ஆடும். மறைந்திருக்கும் அந்தப் பையன் தலை ஆட்டியவர்களை எண்ணிக்கொண்டிருப்பான். ஒரே ஒரு வேறு குரல் எழுந்தாலும் கணக்கு மாறிவிடும்.

அந்தக் குரல் எப்படி இருக்க வேண்டும்? சுருக்கமாக, கோபமில்லாமல், வேதத்தின் மொழியில். வாக்குவாதத்தில் ஜெயிப்பது நோக்கமல்ல. முன்னால் பேசியவர் முட்டாள் என்று நிரூபித்தால் வார்டு முழுவதும் அவர் பக்கம் போய்விடும். அவர்தான் போன மாதம் எல்லோருக்கும் வீடு மாற்ற உதவியவர். சில மாதிரிகள்:

"நாம் பேசிக்கொண்டிருக்கிறவர்கள் இந்த அறையிலேயே இருக்கலாம், அவர்களுடைய பெற்றோரும் இருக்கலாம். அதை நினைவில் வைத்துப் பேசலாம் என்று நினைக்கிறேன்."

"எனக்கு நெருக்கமான ஒருவர் தன்பாலீர்ப்பாளர். அவருக்காக நன்றி சொல்லாமல் நான் ஜெபம் முடிப்பதில்லை." (உண்மையாக இருந்தால் மட்டும் சொல்லுங்கள். அவர் யார் என்று யாரும் ஊகிக்கும்படி சொல்லிவிடாதீர்கள்.)

"ஞானஸ்நானத்தில் நாம் கொடுத்த வாக்கு என்ன என்று மோசியா 18 சொல்கிறது: ஒருவர் சுமையை ஒருவர் சுமப்பது, துக்கப்படுகிறவர்களோடு துக்கப்படுவது. யாருடைய சுமை என்று அங்கே நிபந்தனை போடவில்லை."

சபையின் வேதநூலான மார்மன் புஸ்தகத்திலுள்ள மோசியா 18-ஐயும், எல்லோரும் தேவனுக்கு ஒன்றே என்று சொல்லும் 2 நேபி 26:33-ஐயும் மனப்பாடமாக வைத்திருங்கள். வார்டில் யாரும் மறுக்க முடியாத வசனங்கள் அவை. மார்மன் புஸ்தகத்தை வைத்துப் பேசுகிறவரை 'உலகத்தின் பக்கம் சாய்ந்தவர்' என்று ஒதுக்குவது சுலபமில்லை.

பாடத்திட்டம் நான்காண்டுச் சுழற்சியில் வருவதால் எந்த வாரம் கடினமான வாரம் என்பதை முன்கூட்டியே கணிக்கலாம். பழைய ஏற்பாட்டு ஆண்டில், அதாவது 2022-லும் 2026-லும், ஆதியாகமத்தின் சோதோம் கதை ஆண்டின் தொடக்க மாதங்களில் வரும். அன்றைக்கு எசேக்கியேல் 16:49-ஐ எடுத்துக்கொண்டு போங்கள். சோதோமின் அக்கிரமம் இன்னதென்று அந்த வசனமே பட்டியலிடுகிறது: கர்வம், ஆகாரத் திரட்சி, சிறுமையும் எளிமையுமானவனின் கையைப் பலப்படுத்தாமை. விளக்கவுரை தேவையில்லை, வாசித்துவிட்டு உட்காருங்கள். 'உபதேசமும் உடன்படிக்கைகளும்' என்ற சபை வேதநூலைப் படிக்கும் ஆண்டில், 2021-லும் 2025-லும் நடந்ததுபோல, குடும்பப் பிரகடனம் டிசம்பர் நடுவில் வரும். அந்த வாரத்தில் பாடம் நடத்த நீங்களே முன்வருவது இன்னும் நல்லது. பிரகடனத்தை மாற்றவும் வேண்டாம், மறைக்கவும் வேண்டாம். குடும்பம் என்று சொல்லும்போது விதவையையும், விவாகரத்தானவரையும், தன்பாலீர்ப்புள்ள மகனின் தாயையும் சேர்த்துப் பேசினால் போதும்.

மாதத்தின் முதல் ஞாயிறு உபவாச ஞாயிறு. அன்று யார் வேண்டுமானாலும் மேடையேறிச் சாட்சி சொல்லலாம். 2017-இல் யூட்டாவில் ஒரு சிறுமி அப்படி மேடையேறித் தான் தன்பாலீர்ப்பாளர் என்றும், தேவன் தன்னைத் தவறாகப் படைக்கவில்லை என்றும் சொல்லிக்கொண்டிருந்தபோது ஒலிவாங்கி நிறுத்தப்பட்டது. காணொளி உலகம் முழுவதும் பரவியது. உங்கள் வார்டில் அப்படி நடந்தால் அடுத்ததாக நடந்துபோய் ஒலிவாங்கியைப் பிடிக்க வேண்டியவர் நீங்கள். நீண்ட உரை வேண்டாம். அந்தப் பிள்ளையின் தைரியத்துக்கு நன்றி சொல்லி, தேவன் அவளை நேசிக்கிறார் என்பதற்கு உங்கள் சாட்சியைச் சொல்லிவிட்டு வாருங்கள். ஓசையில்லாத துணை என்பதில் இதுவும் அடங்குமா என்று கேட்டால், அடங்கும், ஒரு நிமிடம்தான்.

படி 4: வானவில் பின் குத்துவதா?

வெள்ளைச் சட்டை, கறுப்புக் கால்சட்டை, அடக்கமான டை. இதுவே ஆண்களின் ஞாயிற்றுச் சீருடை. அதன் நடுவே சட்டைக் காலரில் ஒரு சிறிய வானவில் பின் எல்லோர் கண்ணிலும் படும். படவேண்டியவர் கண்ணில் படுவதற்காகத்தான் பலர் அதைக் குத்துகிறார்கள். பதின்வயதினருக்கு அது நிஜமாகவே உதவுகிறது. 'இவரிடம் சொன்னால் திட்டமாட்டார்' என்று பேசாமலே தெரிந்துவிடுகிறது.

ஆனாலும் பின்னில் தொடங்காதீர்கள் என்பது என் கருத்து. வகுப்பில் ஒருமுறைகூட வாய் திறக்காத, யாரையும் வீட்டுக்கு அழைக்காத ஒருவர் பின் மட்டும் குத்தினால் அது அலங்காரம். அதைவிட மோசமானது, பின்னைப் பார்த்து நம்பி வந்த பிள்ளையிடம் என்ன பேசுவதென்று தெரியாமல் விழிப்பது. முதலில் அடுத்த படியைப் படித்துத் தயாராகுங்கள், பிறகு பின் வாங்குங்கள்.

பிஷப் அதைப் பற்றிக் கேட்டால் நேரடியாகப் பதில் சொல்லுங்கள்: "இங்கே யாராவது தனியாக இருப்பதாக நினைத்தால், பேச ஓர் ஆள் உண்டு என்று தெரியட்டும் என்பதற்காக." பெரும்பாலான பிஷப்புகள் இதற்கு எதிராக ஒன்றும் சொல்லமாட்டார்கள். எடுத்துவிடச் சொல்பவரும் உண்டு. அப்போது எடுப்பதா வேண்டாமா என்பது உங்கள் மனசாட்சியின் பாடு. எடுத்தாலும் மற்ற படிகள் எதுவும் நின்றுபோகாது.

படி 5: ஒருவர் உங்களிடம் சொல்லும்போது

முதல் பதில் 'என்னிடம் சொன்னதற்கு நன்றி' என்பதாக இருக்கட்டும். அடுத்து அவரைப் பேசவிடுங்கள். 'இது ஒரு சோதனை', 'ஜெபித்தால் போய்விடும்', 'மறுமையில் சரியாகிவிடும்' இவை மூன்றும் வாயில் வரக் கூடாதவை. கடைசியாகச் சொன்னது ஆறுதல்போலத் தோன்றும். ஆனால் வாழ்வதில் இனி பயனில்லை, மறுமைக்குச் சீக்கிரம் போய்விடலாம் என்று ஓர் இளைஞன் அதைப் புரிந்துகொள்ள முடியும். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

இரண்டாவது கேள்வி: "வேறு யாருக்குத் தெரியும்? யாருக்குத் தெரியக் கூடாது?" பதிலை அப்படியே கடைப்பிடியுங்கள். மார்மன் சமூகத்தில் செய்தி பரவும் வழிகள் அன்பானவை, அதனால்தான் ஆபத்தானவை. 'அவனுக்காக ஜெபியுங்கள்' என்று ஒத்தாசைச் சங்கத்தில் ஒருவர் சொன்னால் மாலைக்குள் முழு வார்டுக்கும் தெரிந்துவிடும். மனைவியிடமோ கணவரிடமோ சொல்லலாமா என்பதைக்கூட அவரிடமே கேளுங்கள்.

பிஷப்பிடம் போகச் சொல்ல வேண்டுமா? வேண்டாம். போக விரும்பினால் அவரே போவார், துணைக்கு வரட்டுமா என்று மட்டும் கேளுங்கள். நீங்களாகப் பிஷப்பிடம் சொல்வதோ எக்காரணத்தாலும் கூடாது. சபை நடத்தும் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தின் மாணவர் என்றால் இது இன்னும் கூர்மையான விஷயம். அங்கே படிப்பைத் தொடர பிஷப் போன்ற உள்ளூர்ச் சபைத் தலைவரின் ஒப்புதல் வேண்டும். ஒப்புதல் போனால் படிப்பே போகலாம். 2020 பிப்ரவரியில் பல்கலைக்கழகம் நடத்தை விதியிலிருந்து தன்பாலுறவு பற்றிய வரிகளை நீக்கியது. மாணவர்கள் கொண்டாடினார்கள், சிலர் வளாகத்திலேயே தங்களை வெளிப்படுத்திக்கொண்டார்கள். சில வாரங்களில், மார்ச் 4 அன்று, ஒருபால் காதல் நடத்தை இன்னும் விதிக்குப் பொருந்தாதுதான் என்று விளக்கக் கடிதம் வந்தது. நடுவில் தங்களை வெளிப்படுத்திக்கொண்டவர்களின் நிலையை எண்ணிப் பார்த்தால், ஒருவரின் ரகசியத்தை ஏன் அவர் கையிலேயே விட வேண்டும் என்பது விளங்கும்.

ரகசியத்துக்கு ஒரே விதிவிலக்கு உயிர். தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் எண்ணம் முளைத்துவிடாது. இருக்கிறது என்றால் தனியே விடாதீர்கள். அமெரிக்காவில் 988 என்ற தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணுக்கு எந்நேரமும் அழைக்கலாம், குறுஞ்செய்தியும் அனுப்பலாம். அந்த எண்ணில் 3-ஐ அழுத்திப் பால்புதுமை இளைஞர்களுக்கான தனி ஆலோசகரை அடையும் வசதி 2025 ஜூலையில் நிறுத்தப்பட்டுவிட்டது. ஆனால் 1998 முதல் இதே வேலையைச் செய்துவரும் ட்ரெவர் ப்ராஜெக்ட் தன் சொந்த உதவி எண்ணைத் தொடர்ந்து நடத்துகிறது. எண்ணை இப்போதே தேடி உங்கள் கைபேசியில் பதிந்துவையுங்கள். தேவைப்படும் இரவில் தேடிக்கொண்டிருக்க முடியாது.

படி 6: திருநர் உறுப்பினர்

2024 ஆகஸ்ட் விதிகளின்படி, மருத்துவரீதியாகவோ சமூகரீதியாகவோ பால் மாறிய உறுப்பினர்கள் ஆசிரியராக இருக்க முடியாது, குழந்தைகளோடும் இளைஞர்களோடும் பணிபுரியும் பொறுப்பு வகிக்க முடியாது. கட்டடத்தில் ஒருவர் மட்டும் பயன்படுத்தும் கழிப்பறைக்குப் போக வேண்டும். அப்படி ஒன்று இல்லையென்றால் மற்றவர்கள் உள்ளே இல்லாதபடி நம்பகமான ஒருவர் பார்த்துக்கொள்ளலாம் என்கிறது வழிகாட்டுதல். படிக்கவே கூச்சமாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு வந்த ஒருவர், கழிப்பறைக்குப் போகக் காவலுக்கு ஆள் கேட்க வேண்டும்.

இந்த விதியை உங்களால் மாற்ற முடியாது. அந்த 'நம்பகமான ஒருவர்' யார் என்பதை மாற்றலாம். சாவியைச் சுழற்றிக்கொண்டு நிற்கும் ஒரு அதிகாரியாக அல்லாமல், ஏதோ கதை பேசிக்கொண்டே கூட நடந்துபோகும் நண்பராக நீங்கள் இருக்கலாம். அவர் என்ன பெயரில் அழைக்கச் சொல்கிறாரோ அதில் அழையுங்கள். வார்டில் எல்லோரையும் 'சகோதரர்', 'சகோதரி' என்று குடும்பப்பெயரோடு சேர்த்து அழைப்பது வழக்கம். அதில் சங்கடம் வருமென்றால் முதல் பெயரைச் சொல்லி அழைப்பதில் யாருக்கும் ஆட்சேபம் இருக்காது. அப்படி எல்லோரையுமே அழைக்கத் தொடங்கிவிட்டால் அவர் ஒருவர் மட்டும் தனியாகத் தெரியமாட்டார்.

படி 7: இணையர்கள், பெற்றோர்கள், சாப்பாடு

2006-இல் சபையே வெளியிட்ட ஒரு நேர்காணலில், மகன் தன் ஆண் இணையரோடு வீட்டுக்கு வர விரும்பினால் என்ன செய்வது என்ற கேள்விக்கு, அப்போஸ்தலர் டாலின் ஓக்ஸ், சில சூழ்நிலைகளில் பெற்றோர் 'வா, ஆனால் இரவு தங்கும் எண்ணத்தோடு வராதே' என்று சொல்லக்கூடும் என்ற பொருளில் பதில் சொன்னார். ஒரு தலைமுறைப் பெற்றோர் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார்கள். இன்றும் பல வீடுகளில் நன்றித் திருநாள் விருந்தில் ஒரு நாற்காலி காலியாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

இதற்கு நேர் எதிரான எடுத்துக்காட்டு முன்னே சொன்ன அப்போஸ்தலர் கிறிஸ்டாஃபர்சனின் சொந்தக் குடும்பத்திலேயே இருக்கிறது. அவருடைய தம்பி டாம் தன்பாலீர்ப்பாளர். பல ஆண்டுகள் ஓர் ஆணோடு வாழ்ந்தவர். அதைப் பற்றிப் பிற்பாடு புத்தகமும் எழுதினார். டாம் சித்தப்பாவை இந்தக் குடும்பம் எப்படி நடத்துகிறது என்பதிலிருந்துதான், எதைச் செய்தாலும் குடும்பத்தின் அன்பு வட்டத்துக்கு வெளியே போய்விட முடியாது என்பதைப் பிள்ளைகள் கற்றுக்கொள்வார்கள் என்று அவருடைய தாய் மற்ற மகன்களிடமும் மருமகள்களிடமும் சொன்னாராம். கனெக்டிகட் மாநிலத்தின் நியூ கேனான் வார்டு டாமையும் அவருடைய இணையரையும் சேர்த்தே வரவேற்றது. பிற்பாடு அந்த உறவு முடிந்து, டாம் மீண்டும் ஞானஸ்நானம் பெற்றார். சபையில் இந்தக் கதையைச் சொல்பவர்கள் அந்த முடிவுக்காகத்தான் சொல்கிறார்கள். முடிவை விட்டுவிடுங்கள். அது எப்படி முடியும் என்று தெரியாமல் அந்த வார்டு நடந்துகொண்ட விதத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

நடைமுறையில் இது பெரும்பாலும் சாப்பாட்டில் முடிகிறது. யூட்டா வார்டுகளில் சாவு வீட்டுக்கும், பிள்ளை பெற்ற வீட்டுக்கும் யார் எந்த நாளில் சமைத்து அனுப்புவது என்று பட்டியல் சுற்றும். பாலாடைக்கட்டி போட்டு வேகவைத்த 'இறுதிச்சடங்கு உருளைக்கிழங்கு' அதில் கட்டாயம் இருக்கும். இரண்டு பெண்கள் சேர்ந்து வாழும் வீட்டில் ஒருவருக்கு அறுவைச் சிகிச்சை என்றால் அந்தப் பட்டியல் சுற்றுகிறதா? சுற்றவில்லை என்றால் நீங்கள் சுற்றவிடுங்கள். ஆட்சேபம் சொல்ல வருகிறவர்கள்கூட, பட்டியல் கைக்கு வந்துவிட்டால் ஒரு நாளில் பெயர் எழுதிவிடுவார்கள். சமைத்துக் கொடுப்பதை மறுக்க அந்தச் சமூகத்துக்குத் தெரியாது.

கல்யாண அழைப்பிதழ் வந்தால் போங்கள். பரிசோடு போங்கள், உங்கள் பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள்.

பெற்றோர்களை மறந்துவிடாதீர்கள். மகள் தன்னைத் தன்பாலீர்ப்பாளர் என்று வெளிப்படுத்திக்கொண்ட பிறகு தாய்க்கு வார்டில் பேச ஆளில்லாமல் போய்விடுகிறது. மற்றவர்கள் தங்கள் பிள்ளைகளின் மிஷனைப் பற்றியும் ஆலயத் திருமணத்தைப் பற்றியும் பேசும்போது அவர் பேச்சை மாற்றுகிறார். 'உங்கள் மகள் எப்படி இருக்கிறாள்? இப்போது என்ன செய்கிறாள்?' என்று மற்ற எல்லாப் பிள்ளைகளையும் விசாரிப்பதுபோல விசாரியுங்கள். மகளின் இணையர் பெயரையும் தெரிந்துவைத்துக்கொண்டு அவரையும் விசாரித்தால் அந்தத் தாயின் முகம் மாறுவதைக் காணலாம். இத்தகைய தாய்மார்களுக்கென்றே மாமா டிராகன்ஸ் (ஆங்கிலத்தில் 'மாமா' என்றால் அம்மா) என்ற அமைப்பு இருக்கிறது. பால்புதுமையருக்காக 1977 முதல் இயங்கும் அஃபர்மேஷனும், புரோவோவில் தொடங்கிய என்சர்க்கிள் இல்லமும் உண்டு. சபைப் போதனைக்குள்ளேயே வாழ விரும்புகிறவர்களுக்கு நார்த் ஸ்டார். எது பொருந்தும் என்பதை அவர்கள் முடிவு செய்யட்டும்.

படி 8: நாட்காட்டி

ஏப்ரல், அக்டோபர் மாதங்களின் முதல் வார இறுதியில் பொது மாநாடு. சால்ட் லேக் சிட்டியிலிருந்து நேரலையில் வரும் உரைகளில் ஒன்றாவது திருமணத்தைப் பற்றி இருக்கும் வாய்ப்பு அதிகம். பால்புதுமை உறுப்பினர்கள் பலர் அந்த வார இறுதியை வயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டே கழிக்கிறார்கள். சனிக்கிழமை காலையிலேயே ஒரு குறுஞ்செய்தி அனுப்புங்கள்: 'உங்களை நினைத்துக்கொண்டேன். ஞாயிறு மாலை சாப்பிட வருகிறீர்களா?' உரையைப் பற்றி அவர்களாகப் பேசினால் பேசுங்கள். 2021 ஆகஸ்டில் அப்போஸ்தலர் ஜெஃப்ரி ஹாலண்ட் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தில், சபையின் திருமணப் போதனையைக் காப்பதற்கு மஸ்கட் துப்பாக்கியை உருவகமாக்கிப் பேசியது போன்ற எதிர்பாராத தருணங்களும் வரும். அன்றைக்கே அழையுங்கள், ஒரு வாரம் கழித்து அழைத்தால் தாமதம்.

படி 9: செய்யக் கூடாதவை

ஒருவரைத் திட்டப்பணியாக்காதீர்கள். வார்டில் உங்களுக்கு ஊழியம் செய்ய ஒதுக்கப்பட்ட பெயராக அவர் இருந்தாலும், மாதமொருமுறை கேக்கோடு வந்து நின்றுவிட்டுப் போகும் கடமையாக அது தெரிந்தால் கதவு திறக்காது.

சபை மாறப்போகிறது என்று வாக்குக் கொடுக்காதீர்கள். கறுப்பின ஆண்களுக்கு ஆசாரியத்துவம் மறுக்கப்பட்ட தடை 1978 ஜூனில் நீங்கியதைக் காட்டி, இதுவும் அப்படித்தான் என்று நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். நம்பலாம். ஆனால் இருபது வயதுக்காரர் ஒருவர் அந்த நம்பிக்கையை வைத்துத் தன் வாழ்க்கையைத் தள்ளிப்போட நீங்கள் காரணமாகிவிடக் கூடாது. அதேபோல 'இங்கேயே இரு' என்றும் 'போய்விடு' என்றும் சொல்லாதீர்கள். இரண்டுக்கும் விலை கொடுக்கப்போவது நீங்கள் அல்ல. அவர் சபைப் பதிவிலிருந்து தன் பெயரை நீக்கிக்கொண்டு போய்விட்டால், அதற்குப் பிறகும் பிறந்தநாளுக்கு அழையுங்கள். போன பிறகு வார்டிலிருந்து ஒருவரும் பேசவில்லை என்று சொல்பவர்கள் மிக அதிகம்.

படி 10: எங்கே குரலை உயர்த்த வேண்டும்

ஓசையின்றி இருப்பது உத்தி மட்டுமே. இளைஞர் முகாமில் ஒரு தலைவர் பையனின் நடையைக் கேலி செய்தால் அந்த இடத்திலேயே நிறுத்தச் சொல்லுங்கள், மற்ற பையன்கள் கேட்கும்படி. அன்று மாலையே பிஷப்பிடம் போங்கள். அங்கே நீங்கள் புகார் செய்வது தலைவரின் நடத்தையைப் பற்றி, பையனைப் பற்றி ஒரு வார்த்தையும் வேண்டாம்.

ஒரு பெற்றோர் பிள்ளையை, பாலீர்ப்பை மாற்றுவதாகச் சொல்லும் 'மாற்றும் சிகிச்சை'க்கு அனுப்ப நினைப்பதாகக் காதில் விழுந்தால் நேராகப் போய்ப் பேசுங்கள். யூட்டாவில் உரிமம் பெற்ற சிகிச்சையாளர்கள் 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு அதைச் செய்வது 2020 ஜனவரியிலேயே விதியால் தடைசெய்யப்பட்டது. 2023-இல் சட்டமாகவும் ஆயிற்று. விதி இறுதி வடிவம் பெற்றபோது சபை அதை எதிர்க்கவில்லை என்பதையும் அந்தப் பெற்றோரிடம் சொல்லுங்கள். மாநிலச் சட்டத்தைவிட அவர்களிடம் எடுபடும் தகவல் அதுவாகத்தான் இருக்கும். பிள்ளை வீட்டைவிட்டு வெளியேற்றப்பட்டால், அன்றிரவு படுக்க உங்கள் வீட்டில் ஓர் அறை இருக்கிறதா என்பதைக் குடும்பத்தோடு இப்போதே பேசி முடிவு செய்துவையுங்கள்.